உம்மாவின் குரலும் ஒரு சிவப்புப் பொத்தானும்



ஒரு கைசேதத்தை உங்களிடம் சொல்லி ஆற்றிக் கொள்ளவே இதை எழுத உட்கார்ந்தேன். கணனியில் குரலைப் பதிவு செய்வது பற்றியும், அதற்குக் காசும் இல்லாமல் களவும் இல்லாமல் கிடைக்கின்ற மென்பொருள்கள் பற்றியும் சொல்லப் போகிறேன். "இது பிள்ளைகளின் விஷயம், நமக்கேன்?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். உங்கள் வீட்டு மூலையில் தஸ்பீஹ் மணியை உருட்டிக் கொண்டிருக்கும் முதிய உம்மாவைப் பற்றிய விஷயமும் இதுதான்.

கடல் கொண்டு போன கெசட்

எனது உம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. ஊர் மருதமுனை. அந்தக் காலத்துப் பெண்கள் பலரைப் போலவே அவருக்கும் எழுத்து வாசனை அதிகமில்லை. ஆனால் நெஞ்சில் வைத்திருந்ததோ ஒரு பெட்டகம். தொட்டில் பிள்ளைக்குத் தாலாட்டு, வெள்ளாமைக் காவலுக்குப் போன மச்சானுக்கு மச்சி சொல்லும் கவி, நோன்பு இரவுகளில் ஓதும் முனாஜாத் என்று எத்தனையோ வைத்திருந்தார். எதற்கும் இசைக்கருவி கிடையாது. எனவே கூடுமா கூடாதா என்ற பேச்சுக்கும் இங்கு இடமில்லை. வெறும் குரல்தான்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களை நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் தேடிச் சேர்த்து நூல்களாக்கியிருக்கிறார்கள். அது பெரும் பணி. ஆனாலும் அச்சில் சொல் இருக்கும், இழுவை இராது. எந்த இடத்தில் மூச்சு விடுவது, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது என்பதைப் பாடுகின்றவரின் வாயிலிருந்து கேட்டால்தான் விளங்கும்.

எண்பதுகளில் எனது வாப்பா சவூதியில் வேலை செய்தார். அப்போது நம்மில் பல வீடுகளில் கடிதத்துக்குப் பதிலாகக் கெசட்தான் போய் வந்தது. உங்களுக்கும் நினைவிருக்கும். விடுமுறையில் வருகின்றவர் கையில் ஒரு கெசட் வரும்; அவர் திரும்பிப் போகும்போது இன்னொரு கெசட் போகும். எங்கள் உம்மா வீட்டுக் கணக்கையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, தொட்டிலில் கிடந்த தம்பிக்காகப் பாடும் தாலாட்டையும் சேர்த்துப் பதிந்து அனுப்புவார். வாப்பா அவற்றைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டு வந்தார். அவருடைய குரலும் உம்மாவின் குரலும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்து அந்த டின்னையும் கொண்டு போயிற்று. ஜனாஸாக்களைத் தேடித் திரிந்த நாட்களில் கெசட்டுக்கு அழ எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் அழவில்லை. ஆனால் வாப்பா அதற்கு முன்பே மவுத்தாகி இருந்தார். "மூத்தவாப்பாட குரல் எப்படி இரிக்கும் உம்மா?" என்று என் மகன் ஒருநாள் கேட்டபோது, வாய் திறந்து சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. உம்மாவின் குரலையாவது பதிந்து வைக்க வேண்டும் என்று அன்று நிய்யத் வைத்தேன். நிய்யத் வைத்ததோடு பல வருடங்கள் போய்விட்டன.

மகன் கேட்ட கேள்வி

எங்கள் வீட்டில் ஒரு பழைய மடிக்கணனி இருந்தது. அதில் விண்டோஸ் 7. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. கணனியோ ஆமை வேகம். அதில் ஓர் ஒலிப்பதிவு மென்பொருளும் இருந்தது. பெரிய ஸ்டூடியோக்களில் பாவிப்பது. விலையைக் கேட்டால் மயக்கம் வரும். எங்களுக்கு அது எப்படிக் கிடைத்தது தெரியுமா? பூட்டை உடைத்த பிரதி. கடையில் ஒரு சீடியாக வாங்கியது. விண்டோஸும் அதே வகைதான்.

2023இல் உம்மாவின் முனாஜாத்தை அதில் பதியலாம் என்று நான் சொன்னபோது மகன் கேட்டான்:

"உம்மா, மூத்தம்மா அல்லாஹ்வப் புகழ்ந்து பாடுறத களவு சாமான்லயா பதியப் போறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு ரூபா மிச்சக்காசு கூடுதலாக வந்தால் கடைக்குத் திருப்பி அனுப்புகின்றவள் நான். ஆனால் இதை ஒருநாளும் களவு என்று நினைத்ததில்லை. "எல்லாரும் செய்கிறார்கள்", "பெரிய கம்பனிக்கு என்ன நட்டம்?" என்று நாம் சமாதானம் சொல்லிக் கொள்கிறோம். 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகாடமி, நூலாசிரியருக்கும் கண்டுபிடிப்பாளருக்கும் தமது ஆக்கத்தின் மீதுள்ள உரிமை ஷரீஆவால் பாதுகாக்கப்பட்டது, அதை மீறக்கூடாது என்று தீர்மானித்திருக்கிறது. நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி மென்பொருளையும் பாதுகாக்கிறது. தீனும் சட்டமும் ஒன்றையே சொல்கின்றன: செய்தவனின் அனுமதி வேண்டும்.

"அப்படியென்றால் வாங்கத்தானே வேண்டும்? நம்மிடம் எங்கே காசு?" என்றேன்.

"வாங்கத் தேவையில்ல. அனுமதி தந்தே வச்சிருக்கிறாங்க" என்றான் மகன்.

அன்று அவன் பழைய விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் மின்ட் என்பதைப் போட்டான். பழைய கணனிக்கு உயிர் வந்தது போலிருந்தது. விண்டோஸ் 10க்கான பொதுவான உதவியும் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டதால், புதிய விண்டோஸை ஏற்காத கணனிகள் உங்கள் வீடுகளிலும் கிடக்கலாம். அவற்றை இரும்புக்காரனுக்குக் கொடுக்குமுன் இதை யோசித்துப் பாருங்கள்.

லினக்ஸின் கதை சுருக்கமாக: ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர், மென்பொருளை யாரும் பூட்டி வைக்கக் கூடாது என்று 1983இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். பின்லாந்தில் ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸின் கருவை எழுதி வெளியிட்டார். இவை போன்ற மென்பொருள்களோடு ஓர் அனுமதிப் பத்திரம் வரும். எந்தத் தேவைக்கும் பாவிக்கலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று திறந்து பார்த்து மாற்றலாம், பிரதி எடுத்து அயல் வீட்டுக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். சும்மா கிடைப்பது வேறு, அனுமதியோடு கிடைப்பது வேறு. நமது மனதுக்கு நிம்மதி தருவது இரண்டாவதுதான்.

பெரியதைத் தேடிப் போன கதை

இனி எந்த மென்பொருள்? இங்கேதான் நான் பிழைவிட்டேன்.

லினக்ஸில் இசைக்கென்று பல இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கு உரியது. எல்எம்எம்எஸ் என்பது கணனிக்குள்ளேயே மெட்டுக் கட்டுவதற்கு. ஹைட்ரஜன் என்பது தாளம் அமைப்பதற்கு. ரோஸ்கார்டன், மியூஸ்கோர் ஆகியவை இசைக் குறியீடுகளை எழுதுவதற்கு உதவுபவை. ஓர் உம்மாவின் குரலைப் பதிய வேண்டியவளுக்கு இவை எதுவும் தேவையில்லை. அதைக் கண்டுகொள்ளவே எனக்குப் பல நாட்கள் எடுத்தன.

பிறகு ஆடர் என்ற மென்பொருளைக் கண்டேன். அது உண்மையிலேயே பெரிய வேலைக்காரன். போல் டேவிஸ் என்பவர் தொடங்கி வளர்த்தது. அமேசான் கம்பனியின் ஆரம்ப காலத்தில் அங்கே மென்பொருள் எழுதியவர் அவர். பத்துப் பேர் பத்து மைக்கில் பாடினாலும் தனித்தனியே பதிந்து, பிறகு கலந்து எடுக்கலாம். அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. தயார் நிலையில் உள்ள பிரதிக்கு அவர்கள் ஒரு தொகை கேட்கிறார்கள். உழைப்புக்குக் கூலி கேட்பதில் பிழையில்லை. லினக்ஸ் மின்டின் மென்பொருள் களஞ்சியத்திலோ அது கட்டணமின்றியே கிடைத்தது.

"பெரியதையே பழகுவோம்" என்று பிடிவாதமாக நின்றேன். இரவு சமையல் முடிந்ததும் ஒரு மணித்தியாலம் படிப்பேன். ஒருநாள் துணிந்து உம்மாவை உட்கார வைத்தேன். இருபது நிமிடங்கள் ஆசையோடு பாடினார். முடிந்து போட்டுப் பார்த்தால் ஒரு சத்தமும் இல்லை! ஆடரில் முதலில் அந்தத் தடத்துக்குரிய சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும், பிறகு மேலே உள்ள பொதுவான சிவப்புப் பொத்தானை, அதன் பிறகு ஓட்டும் பொத்தானை. நான் முதலாவதை மறந்துவிட்டேன். அது மென்பொருளின் பிழையல்ல, என்னுடைய பிழை.

"பரவாயில்ல புள்ள, நான் எங்க ஓடப் போறன்? ஆறுதலாப் பழகிட்டு வா" என்று உம்மா சிரித்தார்.

ஆறுதலாகத்தான் பழகினேன். நல்ல மைக் வாங்க வேண்டும், நோன்பு முடியட்டும், கலியாணம் ஒன்று முடியட்டும் என்று மூன்று நான்கு மாதங்கள் ஓடின. ஒரு ஸுபஹ் நேரம் வுழூச் செய்யப் போன உம்மா கிணற்றடியில் விழுந்தார். பாரிசவாதம். வலப்பக்கம் இழுத்து, வாய் கோணி, பேச்சுக் குழறிவிட்டது.

சகோதரிகளே, ஆஸ்பத்திரி விறாந்தையில் உட்கார்ந்திருந்தபோது என் தலைக்குள் ஓடியது ஒன்றுதான். அந்த இருபது நிமிடம். எனது கைத்தொலைபேசியைப் பக்கத்தில் வைத்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

ஒரு பொத்தான் போதும்

அல்ஹம்துலில்லாஹ், சில மாதப் பயிற்சியில் உம்மாவுக்குப் பேச்சு ஓரளவு திரும்பியது. பழைய குரல் இல்லை. பல கவிகளில் பாதி மறந்துவிட்டது. இருப்பதையாவது எடுப்போம் என்று 2024இல் மீண்டும் உட்கார்ந்தேன். இம்முறை ஒடாசிட்டி.

அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி என்ற மாணவரும் ரொஜர் டானன்பர்க் என்ற பேராசிரியரும் தொடங்கி, 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட மென்பொருள் இது. 2021இல் மியூஸ் குழுமம் இதைப் பொறுப்பேற்றது. பாவனையாளரின் தகவலைத் திரட்டும் ஒரு திட்டம் வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்து, அது கைவிடப்பட்டது. அந்த மனக்கசப்பில் சிலர் அதே மூலநிரலை எடுத்து டெனாசிட்டி என்ற பெயரில் தனியாக ஒன்றைத் தொடங்கினார்கள். அனுமதிப் பத்திரம் இடம் கொடுத்ததால்தான் அப்படிச் செய்ய முடிந்தது.

ஒடாசிட்டியில் ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் பதியும். சதுரப் பொத்தானை அழுத்தினால் நிற்கும். நான் பட்டு அறிந்தவற்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, இடம். எங்கள் ஊரில் தறிச் சத்தம் கேட்காத வேளை குறைவு. ஒடாசிட்டியில் இரைச்சலைக் குறைக்கும் வசதி உண்டு. யாரும் பேசாத சில வினாடிகளைத் தெரிவு செய்து "இதுதான் இரைச்சல்" என்று முதலில் காட்டிக் கொடுக்க வேண்டும். பிறகு முழுப் பதிவையும் தெரிவு செய்து அதை நீக்கச் சொல்ல வேண்டும். மின்விசிறியின் இரைச்சல் போல ஒரே சீராக வருவதை அது நன்றாகக் குறைக்கும். தறி அடிக்கும் சத்தமோ விட்டு விட்டு வருவது, அது போகாது. அளவுக்கு மீறிக் குறைத்தால் உம்மாவின் குரலே தகரத்துக்குள் பேசுவது போலாகிவிடும். ஆகவே மருந்தை விடப் பத்தியம் மேல். மெத்தையும் உடுப்பு அலுமாரியும் உள்ள படுக்கையறை நல்லது. துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும். இஷாவுக்குப் பிறகு தறிகள் ஓய்ந்ததும், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிந்தேன்.

இரண்டாவது, மைக். மடிக்கணனிக்குள் உள்ள மைக் கணனியின் சொந்த விசிறிச் சத்தத்தையும் சேர்த்து இழுக்கும். யூஎஸ்பியில் செருகும் சாதாரண மைக் ஒன்று போதும். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேரே வைக்காமல் சற்று ஓரமாக வைத்தால் மூச்சுக் காற்று மோதாது. பதியும் முன் ஒலிப்பதிவுக் கருவியாக அந்த மைக் தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, அளவு. பாடும்போது மேலே ஒரு பட்டை ஓடும். அது சிவப்பைத் தொடக் கூடாது. தொட்டால் குரல் உடைந்து போகும். அதைப் பிறகு சீராக்குவது கடினம். மெதுவாகப் பதிந்ததைப் பின்னர் கூட்டலாம். முதலில் அரை நிமிடம் பதிந்து, போட்டுக் கேட்டுவிட்டே முழுப் பாட்டையும் தொடங்குங்கள். எனது இருபது நிமிடக் கதை உங்களுக்கு வர வேண்டாம்.

நான்காவது, பாதுகாப்பு. ஒடாசிட்டியில் சேமித்தால் வருவது அதன் சொந்தக் கோப்பு. எந்தக் கருவியிலும் கேட்பதற்கு அதை ஏற்றுமதி செய்ய வேண்டும். வைத்திருப்பதற்கு டபிள்யூஏவி அல்லது பிளாக் வடிவம். பேரப்பிள்ளைகளின் போனுக்கு அனுப்புவதற்கு எம்பி3. ஒற்றைத் தடத்தில் டபிள்யூஏவியாக ஒரு மணி நேரம் பதிந்தால் சுமார் 300 மெகாபைட் வரும். பிளாக்கில் அது பெரும்பாலும் பாதி அளவாகச் சுருங்கும், தரம் குறையாது. எம்பி3இல் இன்னும் சிறிதாகும். ஆனால் ஒலியில் சிறிது இழப்பு உண்டு. ஒரு பிரதி கணனியில், ஒரு பிரதி பென் டிரைவில், இன்னொரு பிரதி வேறு ஊரில் உள்ள பிள்ளையிடம் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே டின்னில் வைத்தால் என்ன நடக்கும் என்பதை எனக்குக் கடல் சொல்லித் தந்தது.

யாருடைய குரல்?

ஆறேழு இரவுகள் பதிந்திருப்போம். ஒருநாள் ஒரு கவியைப் பாடிக் கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, மைக்கைக் கையால் பொத்திக் கொண்டார்.

"இதெல்லாத்தையும் என்ன செய்யப் போறாய் மகள்?"

"இன்டர்நெட்டில போட்டா எல்லாரும் கேட்பாங்க உம்மா. நம்மட பாட்டு அழியாம இரிக்கும்."

"எல்லாரும் எண்டா, ஆம்புளயளுமா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் சிறிது நேரம் தஸ்பீஹை உருட்டினார்.

"தாலாட்டும் முனாஜாத்தும் பேரப்புள்ளயளுக்கு. அவங்கட புள்ளயளுக்கும் குடு. மச்சான் கவி நாங்க பொம்புளயள் வெள்ளாமைக் காலத்துல எங்களுக்குள்ள பாடினது. அத ஊருக்கு விடாத. பொம்புளப் புள்ளயளுக்கு மட்டும் போட்டுக் காட்டு. இந்தக் குழறல் குரல வெளியால போடாத."

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. யாரோ முகம் தெரியாத ஒருவர் எழுதிய மென்பொருளுக்கு அனுமதி இருக்கிறதா என்று துருவித் துருவிப் பார்த்தேன். பத்து மாதம் சுமந்து பெற்றவளின் குரலை எடுக்கும்போது, "உம்மா, இதை யார் யார் கேட்கலாம்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் ஓர் ஆக்கத்துக்கு உரியவர்தானே? அவருடைய அனுமதிப் பத்திரத்தை அன்றிரவு ஒரு கொப்பியில் எழுதி, பாட்டுகளை மூன்றாகப் பிரித்தேன். எல்லோருக்கும் உரியது, குடும்பத்துக்கு உரியது, பெண்களுக்கு மட்டும் உரியது. அந்தக் கொப்பி பென் டிரைவோடு சேர்ந்தே இருக்கிறது. எல்லோருக்கும் உரியது என்ற பக்கத்தில் இதுவரை ஒன்றுமே இல்லை. அதுவும் அமானிதம்தான்.

மொத்தம் பதினொரு பாட்டுகள் கிடைத்தன. முழுமையானவை நான்குதான். தம்பிக்குப் பாடிய தாலாட்டில் ஓரிடத்தில் சொல் மறந்து, ராகத்தை மட்டும் முனகிக் கொண்டு போகிறார். அந்தச் சொற்கள் கடலில் போன கெசட்டில் இருந்தன. ஒடாசிட்டியில் அந்த இடத்தை வெட்டிச் சேர்த்து, ஒன்றும் நடவாதது போல் ஆக்கிவிடலாம். மகன் செய்து காட்டவும் செய்தான். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அந்த முனகலும் உம்மாதான்.

சகோதரிகளே, எந்த மென்பொருள் சிறந்தது என்று பிள்ளைகளிடம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் சொல்வது இவ்வளவுதான். உங்கள் தேவைக்குப் போதுமான சிறியதை எடுங்கள். அது களவில்லாததாக இருக்கட்டும். அதுவும் இல்லையா, கையில் உள்ள போனில் பதிந்து வையுங்கள். துப்புரவு செய்வதைப் பிறகு கணனியில் பார்த்துக் கொள்ளலாம். மென்பொருள் களஞ்சியத்தில் நாளையும் இருக்கும், அடுத்த வருடமும் இருக்கும். உம்மாவின் குரல் அப்படியல்ல.

இன்றிரவு இஷாத் தொழுதுவிட்டு உங்கள் உம்மாவின் அல்லது மாமியின் பக்கத்தில் போய் உட்காருங்கள். முதலில் அனுமதி கேளுங்கள். பிறகு அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள்.

எனது உம்மாவின் ஷிஃபாவுக்காக ஒரு துஆ கேட்டுக் கொள்கிறேன். வஸ்ஸலாம்.